நேரில் அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்

எங்கள் குடும்ப குரூப்புக்கு நான்தான் அட்மின். பஞ்சாயத்துத் தலைவர் ஆவதற்குக்கூட ஊரில் நாலு பேர் ஓட்டுப் போட வேண்டும். இதற்கு ஒரு போனும் வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் 'நம்ம சொந்தங்கள்' பிறந்தது. குத்துவிளக்குப் படத்தை முகப்பில் வைத்து, கீழே 'ரத்த உறவுகளின் சங்கமம்' என்று எழுதினேன். என் பக்கம், என் மனைவி பக்கம், எந்தப் பக்கம் என்றே தெரியாத இன்னொரு பக்கம் என்று சிதம்பரம், கடலூர், குறிஞ்சிப்பாடி, சென்னை, சிங்கப்பூர் எல்லாம் சேர்ந்து நூற்று நாற்பத்து மூன்று பேர். அதில் பாதிப் பேர் எனக்கு என்ன முறை என்று கேட்டால் இன்றைக்கும் நான் முழிப்பேன்.

விடிகிறதோ இல்லையோ, சங்கமம் தொடங்கிவிடும். வடலூர்ப் பெரியம்மா ஜோதிப் படம் அனுப்புவார். கடலூரில் சர்ச்சுக்குப் போகும் சித்தப்பா வீட்டிலிருந்து அன்றைய வசனம் வரும். இரண்டுக்கும் பின்னால் இருக்கும் ரோஜாப்பூ ஒன்றேதான், பனித்துளிகூட அதே இதழில்தான் இருக்கும். மத நல்லிணக்கத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று நானே ஒருமுறை எழுதினேன். எழுபது கட்டைவிரல் விழுந்தது. அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து, கல்யாண நாள் வாழ்த்து, நாட்டுக்கு வரப்போகும் ஆபத்து, பாகற்காயின் பதினெட்டு பலன்கள். மதியம் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் சங்கமத்துக்கு ஓய்வு.

அண்ணாமலை நகரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. தீசிஸ் பைண்டிங்தான் பிழைப்பு. எழுதியவரும் திருத்தியவரும் படிக்காத பக்கங்களைக்கூட பசை காயும் வரை நான் படித்துவிடுவேன். ஒருமுறை ஒரு ஆராய்ச்சி மாணவி கொண்டுவந்தது, இந்தக் குரூப்பு, முகநூல் சமாச்சாரங்களில் உண்மையான சமூகம் ஒன்று உருவாக முடியுமா என்பது பற்றி. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். கடைசி அத்தியாயத்தில், உருவாகலாம், உருவாகாமலும் போகலாம், மேலும் ஆய்வு தேவை என்று முடித்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் போனை எடுத்து அவள் முன்னால் நீட்டி, நூற்று நாற்பத்து மூன்று பேரை ஒரே இடத்தில் உட்கார வைத்திருக்கிறேன், இதற்கு எதற்கம்மா ஆய்வு, என்னிடம் வந்திருந்தால் ஒரே பக்கத்தில் முடித்திருப்பேனே என்றேன். பாவம், மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போனாள். அட்டையில் தங்க எழுத்து அடித்துக் கொடுத்தேன்.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், கூடப் பிறந்த ஒரே ஆள். கடலூர் முதுநகரில் வீட்டு முன்பக்கத்திலேயே கடை வைத்து, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிறவர். குரூப்பில் அவரும் இருந்தார். ஆனால் ஒரு குட்மார்னிங் கிடையாது, ஒரு ரோஜா கிடையாது. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. அட்மின் என்கிற முறையில் அவருடைய ஒத்துழையாமை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்படிப்பட்டவர் ஒரு பங்குனி மாதத்தில் முதல்முறையாக ஒரு செய்தி போட்டார். அவர் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுவேன், கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்திருந்தது. பெண்கள் வார்டில் ஆம்பிளை தங்கக் கூடாது, துணைக்கு ஒரு பெண்தான் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்குத் தாயார் இல்லை. ஒரே மகன், அவனும் வளைகுடாவில். அதனால் ஐந்து நாளைக்கு யாராவது ஒருத்தர் வந்து இருந்தால் நல்லது, ஆளுக்கு ஒரு நாள் என்றாலும் சரி என்று கேட்டிருந்தார். எழுத்துப்பிழையோடு நாலே வரி.

முதல் பதில் என்னுடையது. இரண்டு கை கும்பிடும் படம். அதற்குப் பிறகு மடை திறந்த மாதிரி கும்பிடுகள் வந்தன. விரைவில் நலம் பெற வேண்டும் என்று சிலர், கடவுள் கைவிட மாட்டார் என்று சிலர். சிங்கப்பூரிலிருந்து ஒரு தாமரைப்பூ, அது ஆடும், மினுக்கும். வடலூரிலிருந்து ஜோதி, சர்ச்சுப் பக்கமிருந்து வசனம். பாகற்காய் ஆசாமி, ஆபரேஷனுக்குப் பிறகு என்னென்ன சாப்பிடக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டார். வருகிறேன் என்று ஒருத்தர் சொல்லவில்லை. வர முடியவில்லை என்றும் ஒருத்தர் சொல்லவில்லை.

எனக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. அந்த வாரம்தான் எங்கள் மூன்று வயது மகளுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. அம்மை வீட்டிலிருந்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். இவ்வளவு சுத்தமான காரணம் வாழ்க்கையில் எப்போதாவதுதான் கிடைக்கும். ஆனால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் கூடப் பிறந்த அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் மனைவியிடமாவது, உன் அண்ணன் ஆள் தேடுகிறார் என்று சொல்லியிருக்கலாம். அவள் குரூப்பைச் சத்தமில்லாமல் வைத்து வருஷக்கணக்கு ஆகிறது, திறந்தே பார்ப்பதில்லை. சொன்னால், அம்மை போட்ட பிள்ளையை என் தலையில் கட்டிவிட்டு அவள் ஆஸ்பத்திரி வாசலிலாவது போய் நின்றுவிடுவாள். அம்மை போட்ட பிள்ளையோடு ஐந்து நாள் என்று நினைத்ததுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சொல்லாமல் விட்டுவிட்டேன். அவள் தினமும் அண்ணனுக்குப் போன் பண்ணினாள். அவரோ, ஆள் இருக்கு, நீ பாப்பாவைப் பாரு என்று சொல்லிவிட்டார். அவரும் ரோஷக்காரர்தான்.

மறுநாள் காலை குரூப்பில் மச்சானின் குரல் வந்தது. எழுதவில்லை, பேசியே அனுப்பியிருந்தார். பேச்சுக்குப் பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு ஆளு கேட்டேன். அம்பது பேரு கும்புட்டிருக்கீங்க. கும்புடுறதுக்கு அவ என்ன சாமியா? ஒரு பொம்பள வந்து பக்கத்துல உக்காரணும், அவ்ளோதான். முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. பூ அனுப்பாதீங்க."

பிறகு குறிஞ்சிப்பாடிப் பெரியப்பா எனக்குத் தனியாகப் போன் செய்தார். பெரியவங்க இருக்கும் இடம், பேச ஒரு முறை இருக்கிறது, நாளைக்கு ஆளாளுக்கு இப்படிக் குரல் அனுப்ப ஆரம்பித்தால் குடும்பம் என்னாவது, அட்மின் என்று ஒருத்தன் எதற்கு இருக்கிறான் என்று கேட்டார். எனக்குப் பொறுப்பு உச்சிக்கு ஏறியது. மச்சானின் பெயர் மேல் விரலை வைத்து அழுத்தினேன். நீக்கவா என்று போன் கேட்டது. நான் ஆமாம் என்றேன். அந்தக் காலத்தில் ஒரு ஆளை ஊரைவிட்டுத் தள்ளிவைக்கப் பஞ்சாயத்துக் கூட்டி, தமுக்கடித்து, எவ்வளவு பாடு பட்டிருப்பார்கள். எனக்கு ரெண்டு தட்டு தட்டினால் முடிந்தது. கையோடு, 'குரூப்பின் கண்ணியம் காப்போம்' என்று ஒரு வாசகமும் போட்டேன். அதற்கும் கட்டைவிரல்கள் நன்றாகவே விழுந்தன.

ஒரு வாரம் கழித்து, சூடு ஆறியதும் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். மறந்துபோனேன். எப்போதுமே பேசாத ஆள் இல்லாமல் போனதைக் குரூப்பில் யாரும் கவனிக்கவில்லை, நீக்கிய நான் உட்பட.

மகளுக்கு அம்மை இறங்கி மூன்றாவது தண்ணீர் ஊற்றியதும் என் மனைவி கடலூர் போய் அண்ணியைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் யார் இருந்தார்கள் என்று கேட்டதற்கு, தெரிஞ்சவங்கதான் என்று மட்டும் சொன்னார்களாம். அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை, தான் வராததில் வருத்தம் போல, அம்மை என்று தெரிந்தும் இப்படி இருக்கிறாரே என்று வீட்டுக்கு வந்து அழுதாள். நான் சமாதானம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

ஆவணியில் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் கோயில். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் எல்லாம். பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்துதான் குத்திக்கொள்ளும். கம்மலும் அவர்தான் கொண்டுவர வேண்டும். அவரை அழைப்பதற்கும் முறை இருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து, முதல் அழைப்பாக அவர் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் தங்கச்சி போனில் சொன்னால் அது செய்தி, அழைப்பு ஆகாது. மாப்பிள்ளை நேரில் வந்து கூப்பிட்டால்தான் மச்சான் எழுந்திருப்பார். அண்ணனுக்கு ஏற்கெனவே வருத்தம், போனில் சொல்லி அதைப் பெரிசாக்க வேண்டாம், நேரில் போய்த் தட்டை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் மனைவி நம்பினாள். அந்த ஒரு தட்டுதான் அவளுக்குக் காதுகுத்தைவிட முக்கியம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு அவசர பைண்டிங். இரண்டாவது ஞாயிறு மழை. மூன்றாவது ஞாயிறு எனக்குச் சோம்பல், வேறொன்றுமில்லை. அதற்குள் நான் நவீன மனிதன் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தேன். மகள் படத்தைச் சுற்றி மயில் தோகை வைத்து அழைப்பிதழ் ஒன்று தயாரித்துக் குரூப்பில் போட்டேன். அடியில், 'இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொண்டு குடும்பத்துடன் வருகை தரவும்' என்று ஒரு வரி. அந்த வரியைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம். எத்தனை பஸ் பயணம், எத்தனை வீட்டுக் காப்பி, எத்தனை நலம் விசாரிப்பு, எல்லாவற்றையும் ஒரே வரியில் மிச்சம் பிடித்துவிட்டான். நூற்றுப் பத்துக் கட்டைவிரல் வந்தது.

அண்ணன் வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று அவள் கேட்டபோது, குரூப்பில் போட்டாகிவிட்டது, எல்லாரும் பார்த்துவிட்டார்கள், இந்தக் காலத்தில் யார் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்றேன். என் மச்சான் அந்த எல்லாரில் இல்லை என்பது சத்தியமாக அப்போது என் நினைவில் இல்லை. அவள் துடைத்து வைத்திருந்த தட்டைத் திரும்ப உள்ளே வைத்தாள். பிறகு, அண்ணன் கோபத்தை மனசில் வைத்துக்கொள்கிற ஆளில்லை, பாப்பாவுக்காக வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்குக் காலை கோயிலில் நூற்று இருபது பேருக்கு இலை வாங்கி வைத்திருந்தேன். கட்டைவிரலில் பத்தைத் தள்ளிவிட்டு, குழந்தை குட்டிகள் இருபது கூடுதலாக வரும் என்று போட்ட கணக்கு. வந்தவர்கள் முப்பத்தைந்து பேர், சமையல்காரரையும் பூசாரியையும் சேர்த்து. மற்றவர்கள் போனில் வந்திருந்தார்கள். குறிஞ்சிப்பாடிப் பெரியப்பா தன் போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் நேரலையாகக் காட்டிக்கொண்டிருக்க, சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இதயங்கள் மிதந்து வந்தன. பந்தியில் இலை காற்றில் பறந்துகொண்டிருந்தது.

எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம். ஒன்பது மணிக்கு, காது குத்த வந்திருந்த பத்தர், குழந்தையை மாமன் மடியில் வையுங்கள், கம்மலை எடுங்கள் என்றார். மாமனும் இல்லை, கம்மலும் இல்லை. என் மனைவி கிழக்கே ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் ஒரு எட்டு முன்னால் வைத்து, பிறகு பின்னால் வைத்தாள். யார் மடியாக இருந்தால் என்ன, நான் உட்காருகிறேன் என்று பெரியப்பா முன்வந்தார். போன் பிடித்த கையை ஒரு தொடையில் ஊன்றியிருந்ததால் மற்ற தொடை மட்டும் காலியாக இருந்தது. என் மகள் அவரைப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

"ஒரு போன் போடுங்க" என்றாள் என் மனைவி. உன் அண்ணன் பார்த்துவிட்டு வேண்டுமென்றே வராமல் இருக்கிறார், வேண்டுமானால் நீயே பார் என்று நான் வீராப்பாகக் குரூப்பைத் திறந்து, அழைப்பிதழைப் பார்த்தவர்கள் பட்டியலை அவளிடம் நீட்டினேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அவள் பட்டியலை இரண்டு தடவை மேலும் கீழும் தேடினாள். அண்ணன் பெயர் இல்லை. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. அண்ணன் பெயரைப் போட்டுத் தேடினாள். பங்குனி மாதத்தில் போய் நின்றது. நாலு வரி, அதற்குக் கீழே என் கும்பிடு, எல்லாருடைய கும்பிடு, தாமரை, ஒரு குரல், அதற்கும் கீழே, நீங்கள் இவரை நீக்கினீர்கள் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி.

அவள் அந்தக் குரலைத் தட்டினாள். கோயில் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. பூ அனுப்பாதீங்க என்று அது முடிந்ததும் பெரியப்பா தன் போனை மெதுவாகக் கீழே இறக்கினார். என் மனைவி போனை என் கையில் வைத்தாள். எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். பத்தருக்கும் சமையல்காரருக்கும் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் அவள் பின்னால் ஓடினேன். கடலூர் பஸ் வந்தது. ஒரே பஸ்ஸில் ஏறினோம், அவள் முன்னால், நான் பின்னால்.

குள்ளஞ்சாவடி தாண்டும் வரை என் மனசில் ஒரு தத்துவம் உருவாகிக்கொண்டே வந்தது. குற்றவாளிக்கு வழியில் ஏதாவது ஒரு தத்துவம் கிடைத்துவிடும். எல்லாம் இந்தப் போனால் வந்த வினை, இதில் உறவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, கண்ணாடிக்குள் தெரியும் சோற்றை எவன் சாப்பிட முடியும், அந்த மாணவி கடைசி அத்தியாயத்தை இன்னும் கொஞ்சம் துணிந்து எழுதியிருக்கலாம் என்றெல்லாம் தோன்றியது. யோசிக்க யோசிக்க என்மேல் இருந்த பாரம் போனுக்கு மாறிக்கொண்டே போனது. முதுநகரில் இறங்கும்போது எனக்கு ஏறக்குறைய நானே பாதிக்கப்பட்டவன் என்கிற எண்ணம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாப் கடையில் வெற்றிலை பாக்கும் பழமும் பூவும் வாங்கினேன். தட்டு இல்லை. அதையும் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினேன்.

மச்சான் கடையில் உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், ஆனால் சுற்றுக் கணக்கை நடுவில் விட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அதனால் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புதுச் சட்டை போட்டிருந்தார், பெட்டியிலிருந்து எடுத்த மடிப்பு முதுகில் கோடு போட்ட மாதிரி இருந்தது. புது வேட்டி, முட்டிக்கு மேல் மடித்துக் கட்டி, அதன் மேல் ஒரு பழைய துணி விரித்திருந்தார், வார்னிஷ் படாமல் இருக்க. உள்ளேயிருந்து வந்த அக்கா எங்களைப் பார்த்துவிட்டு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில ஆறு மணிக்கே குளிச்சி, கெளம்பி ஒக்காந்துட்டாரு. பக்கத்து வூட்ல யாரோ போன்ல பாத்துட்டு சொன்னாங்க இன்னிக்கிதான் காதுகுத்துன்னு. மாப்ள கட்டாயம் போன் பண்ணுவாரு, ஒரு வார்த்த கூப்புட்டா ஓடிரலாம்னு கம்மல மடியிலயே வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. மணி பத்தானதும் போயி மோட்டார எடுத்து வச்சிக்கிட்டாரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கத்தை நான் அதுவரை பட்டதில்லை. மச்சான் கம்பியை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு எழுந்து வந்து, என் மகளைத் தூக்கிக்கொண்டார். காதைத் தொட்டுப் பார்த்து, இன்னும் குத்தலியா என்று அவளிடமே கேட்டார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், நடுவில் பஸ்ஸில் தயாரித்த தத்துவத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். இந்தக் குரூப்பு எல்லாம் பொய் மச்சான், இனிமேல் கலைத்துவிடுகிறேன், போனில் எல்லாம் மனுஷ உறவு வளருமா என்றேன்.

"போன் என்ன பண்ணிச்சி மாப்ள?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு சொன்னார். காயில் கட்டுகிறவர்களுக்கு என்று போனில் ஒரு குரூப்பு இருக்கிறதாம். இந்த மாவட்டத்து மெக்கானிக்குகள், பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் சிலர். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன தடிமன், என்ன கேஜ் என்று கேட்பார்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். எரிந்த மோட்டார் படங்களைத் தவிர அதில் வேறு ஒரு படமும் வராது. குட்மார்னிங் இல்லை, ரோஜா இல்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. அந்தப் பங்குனி மாதம், எங்கள் சங்கமம் அவரைக் கும்பிட்டு முடித்து நீக்கிய அன்று மத்தியானம், ஒரு மோட்டாரை நாளைக்குத் தர முடியாது என்று அதில் சொல்ல வேண்டி வந்திருக்கிறது. ஏன் என்று கேட்டார்கள், காரணத்தைச் சொல்லியிருக்கிறார். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு மெக்கானிக், எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது வார்டு என்று மட்டும் கேட்டிருக்கிறார். அன்றைக்கே அவர் மனைவி ஒரு துணிப்பையும் பிளாஸ்க்குமாக பஸ் பிடித்து வந்துவிட்டார். ஐந்து நாள் அக்கா பக்கத்தில் இருந்து, தலை வாரி, கஞ்சி கொடுத்து, கைத்தாங்கலாக நடத்தி, வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனாராம்.

என் தத்துவத்தை அந்த இடத்திலேயே கீழே போட வேண்டியதாயிற்று. அவருடைய குரூப்பும் நம்முடையதும் ஒரே மாதிரிப் போனில், ஒரே மாதிரிப் பச்சை நிறத்தில்தான் இருக்கின்றன. போன்மேல் பழி போட இனி வழியில்லை. ரத்த உறவு என்று நான் எழுதி வைத்த இடத்தில் யாரும் வரவில்லை, கம்பி கேஜ் கேட்கும் இடத்திலிருந்து வந்தார்கள். அந்த மாணவி மேலும் ஆய்வு தேவை என்று எழுதியதற்குச் சிரித்தேனே, அவளாவது தெரியாததைத் தெரியாது என்று எழுதினாள்.

தட்டை மச்சான் வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் குத்திக்கலாம், நான் வருவேன், அது என் கடமை, யார் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் இனி வருவேன் என்றார். ஆனால் முதல் தட்டு தனக்கு வேண்டாம் என்றார்.

"மொத தட்டு நெல்லிக்குப்பத்துக்குப் போகட்டும். நீங்க ரெண்டு பேரும் போயி குடுத்துட்டு வாங்க. அப்புறமா எனக்கு வைங்க."

காது ஐப்பசியில் மச்சான் மடியில்தான் குத்தினோம், அந்தக் கம்மலைத்தான் போட்டோம். குரூப்பில் படம் போடவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய வாரம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே என் மனைவி கிளம்பி நின்றாள். நெல்லிக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு இடத்தில் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். முன்பக்கம் மோட்டார்கள் குவிந்து கிடந்தன. கடை பூட்டியிருந்தது. மெக்கானிக் எங்கோ வயலில் போர்செட்டு மோட்டார் பார்க்கப் போயிருந்தார். அந்த அம்மாள் வெளியே குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். முதுநகரில் காயில் கட்டுகிறவர் வீட்டிலிருந்து வருகிறோம் என்றதும் முகமெல்லாம் மலர்ந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவுங்க நல்லா இருக்காங்களா, வயித்து வலி இப்ப இல்லியே என்று என் மனைவியிடம் கேட்டார். என் மனைவி தட்டை நீட்டினாள். என் மகளுக்குக் காதுகுத்து, நீங்கள் குடும்பத்தோடு வர வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் தட்டைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்.

பிறகு, நீங்கள் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். இவள் அவருடைய தங்கச்சி, நான் தங்கச்சி வீட்டுக்காரன் என்றேன். சிதம்பரம் பக்கம், அண்ணாமலை நகர். எங்கள் சொந்தம் பெரியது, நூறு பேருக்கு மேல் இருக்கிறோம் என்று, எதற்கென்று தெரியவில்லை, அதையும் சேர்த்துச் சொன்னேன்.

அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை.

"அவுங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களா? அஞ்சி நாளு இருந்தேன், எட்டிப் பாக்க ஒருத்தரும் வரல. யாருமே இல்லாதவங்கன்னுல்ல நெனச்சிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் நெனச்சிருக்கீங்க."